சீட்டு மேசையில் சிறு விதிகள்

ஆலை வேலைக்காகச் சனத்நகரிலும் பாலாநகரிலும் வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்குச் சீட்டாட்டம் புதிதல்ல. ஊரிலிருந்து ரயிலேறும்போதே பெட்டியில் ஒரு சீட்டுக்கட்டும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் ரம்மி, கல்யாண வீட்டில் விடிய விடிய இருபத்தெட்டு, குழந்தைகளுக்குக் கழுதை. இங்கே தெலுங்கு நண்பர்கள் இதையே 'பேகாட்ட' என்பார்கள். காசு வைத்தாலும் பத்துப் பைசா, நாலணா என்று வைத்தோம். தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், அத்துடன் விஷயம் முடிந்தது.

இன்று நம் பிள்ளைகள் ஆடும் இடம் வேறு. நண்பனின் கல்யாணத்துக்கு முன் நாலு பேராகக் கோவா போகிறார்கள். மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலுக்குள் நுழைகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோரும் லாஸ் வேகாஸை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அங்கே படித்த பிள்ளைகள் விரும்பி உட்காரும் ஆட்டம் பிளாக்ஜாக். "அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, கணக்குப் போட்டு ஆடலாம்" என்று சொல்கிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் கணக்கை முழுவதும் போட வேண்டும். பாதிக் கணக்கு போட்டவனுக்கு ஆகும் நஷ்டம், கணக்கே தெரியாதவனுக்கு ஆவதைவிடக் கூடுதல்.

இங்குள்ள ஓர் ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மாதிரி எடுப்பது, சராசரி பார்ப்பது, விலகல் பார்ப்பது என்றே காலம் போயிற்று. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். ஆடச் சொல்வதற்காக அல்ல. ஆடுகிறவர் நம் வீட்டில் இருந்தால் அவருடன் உட்கார்ந்து பேசுவதற்காக.

ஆட்டம் எப்படி?

நமக்கு எதிரி பக்கத்து நாற்காலிக்காரர் அல்ல, சீட்டுப் போடும் டீலர். எண் சீட்டுக்கு அதன் எண்ணே மதிப்பு. ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்து. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, எது வசதியோ அது. கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருப்பவருக்கு வெற்றி. தாண்டினால் கவிழ்ந்தோம். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்தும் வந்தால் அதுதான் 'பிளாக்ஜாக்'. அதற்குக் கூடுதல் பரிசு உண்டு.

டீலருக்குச் சுதந்திரம் இல்லை. 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். அப்படியானால் நிர்வாகத்துக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? நாம்தான் முதலில் ஆடுகிறோம். நாம் கவிழ்ந்தால் பணம் அப்போதே போய்விடும். பிறகு டீலரும் கவிழ்ந்தால் அந்தப் பணம் திரும்பி வராது. டீலர் கவிழ்வது நூற்றுக்கு 28 தடவை. நாமும் டீலரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு ஆடினால், இருவரும் கவிழும் வாய்ப்பு 28 சதவீதத்தில் 28 சதவீதம், அதாவது சுமார் 8. பிளாக்ஜாக் பரிசு அதில் இரண்டேகால் சதவீதத்தை நமக்குத் திருப்பித் தருகிறது. மீதி சுமார் ஐந்தரை நிர்வாகத்துக்கு.

இதைக் குறைக்க முடியும் என்று முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டுக் காட்டியவர்கள், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மெய்செல், ஜேம்ஸ் மெக்டெர்மட் என்ற நால்வர். எந்தக் கைக்கு எடுப்பது, எதற்கு நிறுத்துவது, எப்போது பந்தயத்தை இரட்டிப்பது, ஜோடிச் சீட்டை எப்போது பிரிப்பது என்ற அவர்களின் அட்டவணை 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பிறகு எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் உதவியோடு அதைத் திருத்தி, போன சீட்டுகளை நினைவில் வைத்து ஆடும் முறையையும் சேர்த்து, 1962-இல் புத்தகமாக எழுதினார். இந்த 'அடிப்படை முறை'யைப் பிசகாமல் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் நிர்வாகத்தின் சாதகம் சுமார் அரை சதவீதமாகக் குறையும்.

'நல்ல விதிகள் உள்ள மேசையில்' என்ற இந்தச் சொற்களைத்தான் பலரும் தாண்டிப் படித்துவிடுகிறார்கள்.

தோர்ப் புத்தகத்துக்குப் பின் 1964-இல் லாஸ் வேகாஸ் நிர்வாகங்கள் பயந்துபோய் இரட்டிப்பையும் ஏஸ் பிரிப்பதையும் கட்டுப்படுத்தின. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து போனார்கள். சில வாரங்களிலேயே பழைய விதிகள் திரும்பி வந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு நிர்வாகங்கள் மெதுவாகவும் சத்தமில்லாமலும் மாற்றப் பழகிக்கொண்டன.

ஆறும் ஐந்தும் செய்யும் வேலை

சத்தமில்லாத மாற்றங்களில் பெரியது பிளாக்ஜாக் பரிசு. பழைய விதி '3-க்கு 2': இரண்டு ரூபாய் வைத்தால் மூன்று ரூபாய் பரிசு. 2000-க்குப் பின் லாஸ் வேகாஸில் பரவிய விதி '6-க்கு 5': ஐந்து வைத்தால் ஆறு. ஆறும் ஐந்தும் பெரிய எண்களாக இருப்பதால் இது தாராளம் என்று தோன்றும். நூறு ரூபாய்க்குப் பாருங்கள். பழைய விதியில் 150 ரூபாய், புதியதில் 120 ரூபாய். முப்பது ரூபாய் குறைவு.

பிளாக்ஜாக் எத்தனை தடவை வரும்? பதின்மூன்று வகைச் சீட்டில் ஏஸ் ஒரு வகை, பத்து மதிப்புள்ளவை நான்கு வகை. இரண்டு சீட்டுக்கு 13 x 13 = 169 வழிகள். ஏஸ் முதலில் வந்தால் 4 வழி, பிறகு வந்தால் 4 வழி, ஆக 8. 169-இல் 8 என்றால் சுமார் 21 கைக்கு ஒன்று. 21 கைக்கு நாம் வைப்பது 2,100 ரூபாய், இழப்பது 30 ரூபாய். டீலருக்கும் அதே சமயம் பிளாக்ஜாக் வந்து சமனாகும் அபூர்வக் கைகளைக் கழித்தால் சுமார் 1.4 சதவீதம். அரை சதவீத ஆட்டம் இந்த ஒரே விதியால் இரண்டு சதவீத ஆட்டமாகிவிடுகிறது. பரிசைச் சரிக்குச் சரியாக்கி நூறுக்கு நூறு மட்டும் தந்தால் 2.3 சதவீதம் கூடும்.

மற்ற விதிகள்

கீழே உள்ளவை நிர்வாகத்தின் பக்கம் கூடும் அளவுகள். மற்ற விதிகளைப் பொறுத்துச் சற்று மாறலாம் என்பதால் தோராயமாகவே சொல்கிறேன்.

ஏஸும் 6-ம் சேர்ந்த 17-இல் டீலர் நிறுத்தாமல் மேலும் எடுத்தால் 0.2 சதவீதம். ஒரு கட்டுக்குப் பதில் எட்டுக் கட்டுகளைக் கலந்து போட்டால் 0.6. 10, 11 கைகளுக்கு மட்டுமே இரட்டிப்பு என்றால் 0.2. ஜோடியைப் பிரித்த பிறகு இரட்டிக்கக் கூடாது என்றால் 0.14. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் வசதியை எடுத்துவிட்டால் 0.08. டீலர் தன் இரண்டாம் சீட்டை நம் ஆட்டம் முடிந்த பிறகே எடுக்கும் ஐரோப்பிய முறையில், டீலருக்குப் பிளாக்ஜாக் வந்தால் நாம் இரட்டித்ததும் பிரித்ததும் எல்லாம் போய்விடும். அதற்கு 0.11. சமனானால் டீலருக்கே வெற்றி என்று ஒரு விதி வைத்தால் சுமார் 9 சதவீதம். அந்த மேசையில் உட்காரவே கூடாது.

விதி மாறினால் ஆடும் முறையும் மாற வேண்டும். ஊரில் ஒருவர் வாங்கிய அட்டையை எல்லா மேசைக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கைக்கு 11 வந்து டீலர் ஏஸ் காட்டுகிறார் என்று வையுங்கள். பல கட்டு ஆட்டத்தில் டீலர் எல்லா 17-லும் நிறுத்துபவரானால் சீட்டு மட்டும் எடுக்க வேண்டும். ஏஸ் உள்ள 17-இல் மேலும் எடுப்பவரானால் இரட்டிக்க வேண்டும். அதுவே ஐரோப்பிய முறை என்றால் ஏஸுக்கு எதிராகவும் பத்துக்கு எதிராகவும் இரட்டிக்கக் கூடாது. எட்டு ஜோடியை அங்கே பத்துக்கும் ஏஸுக்கும் எதிராகப் பிரிக்கவும் கூடாது. பிரித்த பின் இரட்டிப்பு இல்லாத மேசையில் நாலு ஜோடியைப் பிரிப்பதில் அர்த்தமே இல்லை.

இப்படித் திருத்தி ஆடினாலும் கெட்ட விதியின் நஷ்டத்தில் ஒரு துளிதான் மீளும். 6-க்கு 5 விதிக்கு எந்தச் சாமர்த்தியமும் மருந்தில்லை, ஏனென்றால் பிளாக்ஜாக் வந்த கையில் நாம் முடிவு செய்ய ஒன்றுமில்லை.

காப்பீடு என்ற பெயர்

டீலர் ஏஸ் காட்டும்போது 'இன்ஷூரன்ஸ் வேண்டுமா?' என்று கேட்பார். நாம் எல்.ஐ.சி. பாலிசி எடுத்துப் பழகியவர்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் நல்லதென்று தோன்றும். உண்மையில் இது தனிப் பந்தயம். டீலரின் மறைந்த சீட்டு பத்தாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். ஆறு கட்டில் 312 சீட்டு. ஏஸ் ஒன்று போக 311. அதில் பத்துகள் 96, மற்றவை 215. 96 தடவை இரண்டிரண்டாக 192 வருகிறது, 215 தடவை ஒவ்வொன்றாகப் போகிறது. 311-க்கு 23 நஷ்டம், அதாவது 7.4 சதவீதம். கையில் நல்ல சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு இதுதான்.

நமக்குப் பிளாக்ஜாக் இருக்கும்போது டீலர் ஏஸ் காட்டி, 'இப்போதே நூறுக்கு நூறு தருகிறேன், வாங்கிக்கொள்' என்பதும் இதே காப்பீடுதான். 3-க்கு 2 மேசையில் அதை மறுக்க வேண்டும். நூற்றுக்கு 69 தடவை 150 ரூபாய் கிடைக்கும் என்பதால் சராசரி 103 ரூபாய்க்கு மேல் வருகிறது. 6-க்கு 5 மேசையில் அந்தச் சராசரி 83 ரூபாய்தான். அங்கே அதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அதனால்தான் அந்த மேசைகளில் பெரும்பாலும் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

ஓர் இரவும் ஓர் ஆண்டும்

எங்கள் காலனியில் ஒரு பிள்ளை. நல்ல வேலை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. மூன்று தடவை கோவா போய் வந்தான். போனது 1,10,000 ரூபாய். தங்கையின் கல்யாணத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியும், வங்கியில் எடுத்த தனிநபர் கடனும் அதில் அடக்கம். நாலாவது தடவை போனால் மீட்டுவிடலாம் என்று நம்பினான். "அண்ணா, இவன் கணக்குப் போட்டுத்தான் ஆடினேன் என்கிறான். நீங்கள் கொஞ்சம் பாருங்கள்" என்று அவன் அம்மா என்னிடம் சொன்னார்.

அவன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். அடிப்படை முறையை ஒழுங்காகவே கற்றிருந்தான். மூன்று பயணங்களிலும் சேர்த்துச் சுமார் 2,700 கை, கைக்கு ஆயிரம் ரூபாய். மொத்தம் வைத்தது 27 லட்சம். "அரை சதவீதம்தான் மாமா போக வேண்டும், பதின்மூன்றாயிரம். மற்றதெல்லாம் கெட்ட நேரம்" என்றான். மேசையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். 6-க்கு 5, ஏஸ் உள்ள 17-இல் டீலர் எடுப்பார். அரையுடன் 1.4-ம் 0.2-ம் கூட்டினால் 2.1. 27 லட்சத்துக்கு 56,700 ரூபாய். அவன் இழந்ததில் பாதிக்குமேல் விதியின் பங்கு. மீதிதான் அதிர்ஷ்டம்.

இந்த இடத்தில்தான் என் தொழில் உதவியது. ஒரு கைக்கு முடிவு சராசரியிலிருந்து விலகும் அளவு சுமார் 1.15 பந்தயம். 2,700 கைக்கு அது 60 பந்தயம், அதாவது 60,000 ரூபாய் மேலோ கீழோ போவது சாதாரணம். ஒரே இரவில் 240 கை ஆடினால் விலகல் 18 பந்தயம். அந்த இரவில் கெட்ட விதியால் கூடும் நஷ்டமோ நாலு பந்தயம்தான். அதனால் ஓர் இரவில் விதியின் கெடுதி கண்ணுக்கே தெரியாது. கெட்ட மேசையில் ஜெயித்து வருபவரும் உண்டு, நல்ல மேசையில் தோற்று வருபவரும் உண்டு. நாலு உருப்படியைப் பார்த்து யந்திரம் சரியாக ஓடுகிறதா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான்.

ஆனால் பத்தாயிரம் கை ஆடியபின் பாருங்கள். விலகல் 115 பந்தயம். நல்ல மேசையில் எதிர்பார்க்கும் நஷ்டம் 50 பந்தயம், ஆகவே மூன்றில் ஒருவர் லாபத்தில் இருக்கலாம். 2.1 சதவீத மேசையில் நஷ்டம் 210 பந்தயம். லாபத்தில் இருப்பவர் சுமார் முப்பதில் ஒருவர்தான்.

"கெட்ட நேரம் போனால் நல்ல நேரம் வரும் இல்லையா மாமா?" என்று கேட்டான். வரலாம், வராமலும் இருக்கலாம். சீட்டுக்கு நேற்று நடந்தது தெரியாது. ஆனால் அந்த 56,700 நேரத்தால் போனதல்ல. அது கட்டணம். நாலாவது தடவை போனால் அந்தக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். இதை அவனே தன் கையால் எழுதிக் கூட்டிப் பார்த்தான். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. நாலாவது பயணத்துக்குப் போட்ட விமான டிக்கெட்டை ரத்து செய்தான். கடன் அடைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

சீட்டை எண்ணி ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முறை ஒன்றிரண்டு கட்டுகளைக் கடைசிவரை போட்ட காலத்தில் பிறந்தது. எட்டுக் கட்டு, பாதியிலேயே கலைத்தல், ஓயாமல் கலைக்கும் யந்திரம் என்றெல்லாம் வந்தபின் அதில் கிடைக்கும் சாதகம் மிகச் சிறிது. 6-க்கு 5 விதி அதை எளிதில் விழுங்கிவிடும்.

நம் ஊர் ரம்மியும் மேசைக் கட்டணமும்

விதி என்பது சீட்டில் மட்டும் இல்லை. 1963 மே மாதம் செகந்திராபாத்தில் கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற இடத்தில் போலீஸ் சோதனை நடத்தி, ரம்மி ஆடியவர்கள் மீது ஐதராபாத் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1967 நவம்பரில் நீதிமன்றம், ரம்மியில் போன சீட்டுகளை நினைவில் வைக்கவும் எதை வைப்பது எதைப் போடுவது என்று தீர்மானிக்கவும் திறமை தேவை, அது மூணு சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அந்த வழக்கில் ஆராயப்பட்ட இன்னொரு கேள்வி, கிளப் வசூலித்த சிறு கட்டணம் லாபத்துக்கா அல்லது சீட்டுக்கட்டு, நாற்காலி, விளக்குச் செலவுக்கா என்பது.

அந்தக் கேள்வி நமக்கும் முக்கியம். சம திறமையுள்ள இருவர் தலைக்கு நூறு ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். மேசைக்காரர் பத்து சதவீதம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவர் கைக்கு 180 வரும். கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். திறமை ஆட்டம்தான், ஆனால் சம திறமைக்காரர் இருவரும் தோற்பார்கள். மொட்டை மாடியில் யாரும் பங்கு எடுக்காததால் பணம் நமக்குள்ளேயே சுற்றியது.

தெலங்கானா அரசு 2017-இல் தன் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மியையும் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் இணையத்தில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்கிறது. கோவாவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1992, 1996 திருத்தங்கள்தான் ஓட்டல்களில் யந்திரங்களுக்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி செய்தன.

வரியும் ஒரு விதிதான். சூதாட்ட விடுதியில் சில்லு வாங்கும் தொகைக்கு 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வென்ற பணத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. அரை சதவீதத்துக்காக அட்டவணை மனப்பாடம் செய்பவர் இந்த 40-ஐயும் 30-ஐயும் பார்க்காமல் விட்டால் என்ன பயன்?

போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதை உட்காருமுன் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2 என்று இல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ஏஸ் உள்ள 17-இல் டீலர் என்ன செய்வார், பிரித்த பின் இரட்டிக்கலாமா, இரண்டாம் சீட்டை எப்போது எடுப்பார் என்று டீலரிடமே கேட்கலாம். மரியாதையாகப் பதில் சொல்வார்கள். காப்பீடு வேண்டாம். ஜோடி வந்தால் பரிசு என்பது போன்ற பக்கப் பந்தயங்கள் வேண்டாம். கவுண்டரில் கொடுத்த பணத்தில் வரி எவ்வளவு, சில்லு எவ்வளவு என்று ரசீதைப் பாருங்கள். சில இடங்களில் நுழைவுக் கட்டணத்தோடு தரும் ஒரு தடவைச் சில்லு, வென்றாலும் திரும்பக் கைக்கு வராது. ஆயிரம் ரூபாய்ச் சில்லுக்கு மதிப்பு சுமார் ஐந்நூறுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை ஆடிவிட்டு வந்தால் ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்பதில் பயனில்லை. அது ஓர் இரவின் அதிர்ஷ்டம். எத்தனை கை ஆடினாய், கைக்கு எவ்வளவு வைத்தாய், மேசையில் என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். மூன்றையும் பெருக்கினால் அந்த இரவின் கட்டணம் வந்துவிடும். அந்தத் தொகைக்குச் சினிமாவும் சாப்பாடும் போல ஒரு பொழுதுபோக்கு என்று மனசார ஒப்புக்கொள்ள முடிந்தால் போகட்டும். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் மொட்டை மாடியில் ஒரு கை குறைகிறது, அங்கே வரச் சொல்லுங்கள்.